கண் வெண்புரையும் மற்றக் கண் வருத்தங்களும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் அல்ல. திருகோணமலை நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடிக்கு அளவு கொடுக்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வயது போனவர் யாருக்குக் கண் மங்கினாலும் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "கற்றரக்டாக இருக்கும், முத்தட்டும், பிறகு பார்ப்போம்." உண்மையிலேயே கற்றரக்ட், அதாவது வெண்புரை, என்றால் கொஞ்சக் காலம் பொறுப்பதால் பெரும்பாலும் நட்டம் இல்லை. வேறு வருத்தமாக இருந்தால், பொறுத்திருந்த காலத்தில் போன பார்வை போனதுதான். எது என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. கண்ணைச் சோதித்தால்தான் தெரியும்.

வெண்புரை என்பது கண்ணுக்கு மேலே படரும் தோலா? சுரண்டி எடுக்கலாமா?

மேலே ஒன்றும் படர்வதில்லை. கண்மணிக்குப் பின்னால், கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் இருக்கிறது. தண்ணீரும் புரதமும் சேர்ந்த, பளிங்கு போலத் தெளிவான சாமான். வயது போகப் போக அந்தப் புரதம் திரண்டு, முட்டை வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பது போல மங்கிக்கொண்டு வரும். அதுதான் வெண்புரை, கற்றரக்ட், ஊர்ப் பேச்சில் "கண்ணில் பூ". உள்ளே இருப்பதால் சுரண்ட வழியில்லை.

முதல் காரணம் வயது. சீனி வருத்தம் இருந்தால் கொஞ்சம் முந்தி வரும். சிகரெட், வருடக் கணக்கில் பட்ட வெயில், கண்ணில் பட்ட அடி, நீண்ட காலம் எடுத்த ஸ்டீரொயிட் மருந்து இவையும் காரணம். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) வந்தால் பிள்ளை பிறக்கும்போதே வெண்புரையோடு பிறக்கலாம்.

எனக்கு அது வந்திருக்கிறது என்று எதை வைத்துச் சந்தேகப்படலாம்?

நோவு இருக்காது, கண் சிவக்காது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக மங்கும். கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறும். நிறங்கள் பழுப்பேறும்: வெள்ளை வேட்டி மஞ்சளாகத் தெரியும், கடும் நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் பிடிபடாது. கடைக்கு வந்த ஒரு ஐயா, கோட்டை வாசலடியில் நின்ற புள்ளிமானை நாய் என்று நினைத்து "அடீ!" என்று துரத்தினாராம். மானின் உருவம் தெரிந்திருக்கிறது, உடம்பிலிருந்த புள்ளிகள் தெரியவில்லை. புரையின் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்: பெரிய உருவம் இருக்கும், நுணுக்கம் போயிருக்கும்.

வாகனம் ஓடுபவர்களுக்கு இரவில் முதலில் தெரியவரும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் எதிரே வரும் லொறியின் ஹெட்லைட் பூவாக விரிந்து, கண் முழுவதையும் அடைத்துவிடும். யானை குறுக்கே வரும் றோட்டு அது. கண் கூசுபவர்கள் சோதித்துப் பார்க்கும் வரைக்கும் இரவு ஓட்டத்தை விடுவது நல்லது.

சிலருக்குப் புரை லென்ஸின் பின்பக்கத்தில் விழும். அவர்களுக்கு உச்சி வெயிலில்தான் கரைச்சல். கோணேசர் கோயில் படியில் மத்தியானம் தடுமாறுபவர் பின்னேரம் நன்றாக நடப்பார். வெளிச்சத்தில் கண்மணி சுருங்க, மங்கின அந்த நடுப்பகுதி வழியாக மட்டும் பார்க்க வேண்டிவருவதுதான் காரணம்.

அம்மம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறா. கண் நல்லா வந்துவிட்டதா?

வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படும் விஷயம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அனேகமாக வெண்புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி தடித்து இறுகும்போது கிட்டப் பார்வை கொஞ்சக் காலத்துக்குத் திருந்தும், தூரப் பார்வை குறையும். வாசலில் வருபவரை அவவுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒருமுறை காட்டுங்கள், அவ்வளவுதான்.

நன்றாக முத்தின பிறகுதான் வெட்ட வேண்டும் என்கிறார்களே?

அது பழைய காலத்து முறைக்குச் சொன்னது. அப்போது லென்ஸை முழுசாக வெளியே எடுத்தார்கள், முத்தினால் எடுப்பது சுலபம். இப்போது தலைகீழ். முற்றிப் பாறையாகிவிட்ட புரையை உடைத்து எடுப்பதுதான் சிரமம். அளவுக்கு மீறி விட்டால் லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நோவும் சிவப்புமாக அவசரத்தில் ஓட வேண்டிவரும்.

எப்போது செய்வது என்றால், உங்கள் அன்றாட வேலை தடைப்படும்போது. தையல் தைப்பவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியாவிட்டால் நேரம் வந்துவிட்டது. வீட்டோடு இருந்து ரேடியோ கேட்கும் ஒருவருக்கு அதே அளவு புரை தொந்தரவே இல்லாமல் இருக்கலாம். ஆனால் விழுந்து எழும்பும் வயதில் பார்வைக் குறைவு என்றால் இடுப்பெலும்பு முறிவும் சேர்ந்து வரக்கூடும். இரவில் பாத்ரூமுக்குப் போகத் தடுமாறுகிறார் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

சொட்டு மருந்திலோ மூலிகையிலோ கரையாதா?

கரையாது. வெண்புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு வரை எந்த வைத்தியத்திலும் இல்லை. முருங்கைக்கீரையும் மீனும் கண்ணுக்கு நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். விழுந்த புரை அதனால் போகாது. கண்ணுக்குள் இலைச்சாறு பிழிவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சத்திரசிகிச்சையில் என்னதான் செய்வார்கள்? கண்ணை வெளியே எடுப்பார்களா?

கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை! இந்தப் பயத்தாலேயே வருடக் கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் கண்ணின் நீளத்தையும் முன்பக்க வளைவையும் அளப்பார்கள். உள்ளே வைக்கப்போகும் லென்ஸின் நம்பர் இந்த அளவில்தான் தீர்மானமாகும், அதனால் அன்றைக்கு ஆடாமல் அசையாமல் இருந்து கொடுங்கள். ஒப்பரேஷன் நாளில் பெரும்பாலும் முழு மயக்கம் இல்லை. சொட்டு மருந்தாலோ கண்ணுக்குப் பக்கத்தில் போடும் ஊசியாலோ கண்ணை மட்டும் விறைக்கப் பண்ணுவார்கள். அப்புறம் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் துவாரம் வழியாக அதிர்வலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறை ஒன்று. கொஞ்சம் பெரிய துவாரம் வழியாக லென்ஸின் இறுகின நடுப்பகுதியை முழுதாக எடுக்கும் முறை இன்னொன்று. முற்றின புரைக்கு இது நல்லாகவே கைகொடுக்கும். இரண்டிலும் அனேகமாகத் தையல் தேவைப்படாது. லென்ஸ் இருந்த பை அப்படியே உள்ளே இருக்கும், அதற்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தச் செயற்கை லென்ஸுக்குப் பின்னால் ஒரு யுத்தக் கதை இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானிகளின் கண்ணுக்குள் விமான மூடியின் பிளாஸ்டிக் துண்டுகள் பாய்ந்தன. அந்தத் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் சும்மா விட்டிருப்பதை ஹரல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் கவனித்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதல் தடவையாக ஒருவருக்கு வைத்தார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது சீனக்குடாவில் இருந்து எழும்பிய ஹரிக்கேன் போர் விமானங்களும் அதே பிரித்தானிய விமானப்படையுடையவைதான். பிறகு, 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலாப் குறைந்த விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு லென்ஸுக்குக் காசு கட்ட முடியாத ஏழைகளுக்கும் அது கிடைத்தது.

எங்கே செய்யலாம்? காசு எவ்வளவு?

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. திருகோணமலை பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் பதியலாம். மூதூர், கிண்ணியா, புல்மோட்டைப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள வைத்தியசாலையில் காட்டி ஒரு கடிதம் எடுத்து வந்தால் அலைச்சல் குறையும். காத்திருப்புப் பட்டியல் இருக்கும். பெயரைப் பதியத்தான் அவசரப்பட வேண்டும். லென்ஸையோ மருந்தையோ வெளியே வாங்க வேண்டிவருமா என்று திகதி தரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விழித்திரை (கண்ணின் பின்பக்கத்தில் படம் விழும் திரை) சம்பந்தமான சிக்கல் என்றால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும்.

தனியாரிடம் போனால் விலையை முக்கியமாகத் தீர்மானிப்பது லென்ஸ். கண்ணாடியே தேவைப்படாது என்று சொல்லும் விலை கூடின லென்ஸ்கள் எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்கு இரவு வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரியும். சாதாரண லென்ஸ் வைத்து, வாசிக்க மட்டும் ஒரு கண்ணாடி போடுவதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி விற்பவன் சொல்கிறேன் என்று சந்தேகப்படுவீர்கள், சரி, டொக்டரிடமும் கேளுங்கள்.

ஒப்பரேஷனுக்கு முன் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது என்ன?

பாவிக்கிற எல்லாக் குளிசைகளும். முக்கியமாக, வயது போன ஆண்கள் சலம் தடையில்லாமல் போக எடுக்கும் டம்சுலோசின். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுவார்கள். அந்தக் குளிசை கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும்; முன்கூட்டியே தெரிந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் அதற்கு ஆயத்தமாக இருப்பார். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்தையும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிற்பாட்டாதீர்கள். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுமா, இருமல் விடாமல் வருமா, அதையும் சொல்லுங்கள். இமையில் கட்டி, கண்ணில் ஊளை இருந்தால் திகதி மாற்றுவார்கள், மறைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும்? அப்பா கடலுக்குப் போகிறவர்.

சொட்டு மருந்து வழக்கமாக நாலு முதல் ஆறு கிழமை. முதல் நாட்களில் நித்திரையில் கை பட்டுவிடாமல் இரவில் கண்ணுக்கு மூடி. கண்ணைக் கசக்கக்கூடாது. தலையில் தண்ணீர் வார்க்காமல் கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், முகத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். பாரம் தூக்குவது, குனிந்து செய்யும் வேலை, விறகு அடுப்புப் புகை எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். தொழுகிறவர்கள் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்குப் பதிலாகக் கதிரையில் இருந்து தொழலாமா என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடல் தொழிலாளிக்கு இதுதான் பெரிய சோதனை. திருக்கடலூரிலும் சல்லியிலும் நாலு நாள் வீட்டில் இருந்தாலே கை அரிக்கும். உப்புத் தண்ணீரும் கரைவலை மண்ணும் ஆறாத கண்ணுக்குள் போனால் கிருமி பிடிக்கலாம், வலை இழுப்பதும் பாரம்தான். டொக்டர் "போகலாம்" என்று சொல்லும் வரை வள்ளத்தில் ஏற விடாதீர்கள். சீசன் பார்த்துத் திகதி எடுப்பது புத்தி: வாடைக் காற்றும் மழையுமாக எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் மார்கழிப் பக்கம் கிடைத்தால் தொழிலும் அவ்வளவாகக் கெடாது.

இலேசான உறுத்தல், கண்ணீர் வழக்கம். ஆனால் நோவு கூடிக்கொண்டு போனால், தெரிந்த பார்வை குறைந்தால், கண் நன்றாகச் சிவந்தால், ஊளை வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் வைத்திருக்க வேண்டாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் கண்ணுக்குள் கிருமி புகுந்தால் மணித்தியாலக் கணக்கில் பார்வை போகும்.

நோன்பு காலத்தில் வாப்பாவுக்குச் சொட்டு மருந்து விடலாமா?

ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) கண் மருந்து நோன்பை முறிக்காது என்பதே கருத்து. மனம் ஒப்பாவிட்டால் உங்கள் பள்ளி இமாமிடமும் கேளுங்கள். மருந்து விட்டதும் மூக்குப் பக்கத்துக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமத்திப் பிடித்தால் தொண்டைக்கு இறங்குவது வெகுவாகக் குறையும். வேளை மாற்ற வேண்டுமானால் டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், நிற்பாட்ட வேண்டாம்.

ஒப்பரேஷன் செய்து இரண்டு மூன்று வருடத்தில் திரும்பவும் மங்குகிறது. புரை மறுபடி வளர்ந்துவிட்டதா?

எடுத்த லென்ஸ் திரும்ப வளராது. புது லென்ஸை வைத்த பை சிலருக்கு மங்கிவிடும். லேசரால் அதில் ஒரு சிறு வாசல் திறந்துவிடுவார்கள். வெட்டு இல்லை, நோவு இல்லை, சில நிமிட வேலை. ஆனால் மங்கலுக்குக் காரணம் அதுதானா என்று கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குளுக்கோமா என்கிறார்களே, அதுவும் கற்றரக்டும் ஒன்றா?

இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் கேட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குளுக்கோமாவில் கண்ணில் இருந்து மூளைக்குப் போகும் நரம்பு, பெரும்பாலும் கண்ணுக்குள் உள்ள அழுத்தத்தால், கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. முதலில் போவது பக்கப் பார்வை. நேரே தெரிவது நன்றாகத் தெரிவதால் ஆளுக்கு ஒன்றும் விளங்காது. கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தால் வரும் மோட்டர்சைக்கிள் திடீரென்று முளைத்தது போல இருக்கும். "வயசு போச்சுது, கவனமில்லை" என்று வீட்டில் ஏசுவார்கள். நேர்ப் பார்வையும் குறைந்து வைத்தியரிடம் வரும்போது முக்கால்வாசி போயிருக்கும். கற்றரக்டில் போன பார்வையைச் சத்திரசிகிச்சை மீட்டுத் தரும். குளுக்கோமாவில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான் முடியும்.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்புக் கூட. அப்படியானவர்கள் நாற்பது வயதுக்குப் பிறகு, கண் நன்றாகத் தெரிந்தாலும், அழுத்தமும் நரம்பும் சோதிக்க வேண்டும். கடையில் எழுத்துப் பலகையை வாசித்துக் கண்ணாடி எடுப்பது இந்தச் சோதனை ஆகாது. அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு பழுதாகும் ஆட்களும் உண்டு.

இன்னொரு வகை சத்தம் போட்டுக்கொண்டு வரும்: ஒரு கண்ணில் தாங்க முடியாத நோவு, அதே பக்கத் தலையிடி, சத்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம், சிவந்த கண். ஒற்றைத் தலையிடி என்றோ வயிற்றுக் குழப்பம் என்றோ குளிசை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். இரவானாலும் வைத்தியசாலை. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

குளுக்கோமா சொட்டு மருந்தை எப்போது நிற்பாட்டலாம்?

பிரஷர் குளிசை மாதிரித்தான், அனேகமாக வாழ்நாள் முழுக்க. விட்டாலும் விடாவிட்டாலும் பார்வையில் வித்தியாசம் தெரியாது என்பதால் பலர் போத்தல் முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு துளி போதும். மூன்று துளி விட்டால் மிச்சம் கன்னத்தில் வழிந்து காசுதான் வீண். கீழ் இமையை இழுத்து அந்தப் பைக்குள் விட்டு, கண்ணை மூடி, மூலையை அமத்துங்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. டிமோலோல் என்ற மருந்து முட்டு வருத்தக்காரருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். ஆஸ்மா இருப்பதைக் கண் டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

சீனி வருத்தம் இருக்கிறது, ஆனால் கண் நன்றாகத் தெரிகிறது. சோதிக்க வேண்டுமா?

வேண்டும், வருடத்துக்கு ஒருதடவை, கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு. சீனி விழித்திரையின் சிறு இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். ஆளுக்கு மங்கல் தெரியும்போது உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் நேரத்துக்குச் செய்தால் பார்வையைக் காக்கும். சீனியுள்ள பெண் கர்ப்பமானால் உடனே கண்ணைக் காட்ட வேண்டும், அந்தக் காலத்தில் பழுது வேகமாகக் கூடும்.

சீனி இருக்கும்போது கண்ணாடி மாற்றலாமா?

சீனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தண்ணீர் பிடித்து ஊதுவதும் வற்றுவதுமாக இருக்கும், இன்றைக்கு எடுத்த நம்பர் அடுத்த மாதம் பிழைக்கும். சில கிழமை சீனி ஒழுங்காக நின்ற பிறகு வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு.

கண்ணுக்குள்ளே நுளம்பு பறக்கிற மாதிரி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

நெடுநாளாக ஒன்றிரண்டு புள்ளி மிதந்தால் பெரும்பாலும் வயதுதான். திடீரென்று நிறையப் புள்ளிகள், மின்னல் வெட்டு, ஒரு பக்கத்தில் திரை இறங்கியது போன்ற கறுப்பு என்றால் விழித்திரை கிழிந்து கழலத் தொடங்கியிருக்கலாம். கழன்ற பகுதி நடுப் பார்வையைத் தொடுமுன் செய்தால் பலன் நன்று. திருகோணமலையில் காட்டி, அனுப்பினால் அன்றிரவே கொழும்பு ரயிலைப் பிடியுங்கள்.

வெள்ளைமுழியில் இருந்து கறுப்புமுழிக்குச் சதை வளருகிறது. புற்றுநோயா?

மீன்பிடிக்காரர், கமக்காரர், மேசன்மார் இவர்களுக்கு அடிக்கடி வருவது. வெயிலும் காற்றும் தூசியும் காரணம். அனேகமாக ஆபத்தில்லாத சதை. தொப்பியும் வெயில் கண்ணாடியும் போட்டால் வளர்ச்சி குறையலாம். கண்மணியை நெருங்கினாலோ பார்வை கெட்டாலோ வெட்டுவார்கள். சும்மா வெட்டிவிட்டால் திரும்ப வளரும் வாய்ப்புக் கூட, அதனால் வெள்ளைமுழியை மூடியிருக்கும் மெல்லிய தோலில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுவார்கள்.

அறுவடையில் நெல் உமி பட்டது. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடலாமா?

தம்பலகாமம், கந்தளாய் வயல்காரர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். உமியோ வைக்கோலோ கீறின இடத்தில் பூஞ்சணம் பிடித்துப் புண்ணாகலாம். மருந்துக்கடையில் டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால் (டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று போத்தலில் இருக்கும்) சிவப்புக் குறையும், நோவு குறையும், உள்ளே பூஞ்சணம் கொழுக்கும். கறுப்புமுழியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஸ்டீரொயிட்டை மாதக் கணக்கில் விட்டால் குளுக்கோமாவும் கற்றரக்டும் வேறு வரும். கீறல் பட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவி, கசக்காமல், டொக்டரிடம் போங்கள்.

பிள்ளையின் கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்துவிட்டது!

இதை வாசித்து முடிக்காமல் கழுவத் தொடங்குங்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், எதுவென்றாலும் சரி, கண்ணை விரித்துப் பிடித்து அரை மணித்தியாலம் வரை வார்த்துக்கொண்டே இருங்கள். இமைக்குள் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் கட்டியைத் துணி நுனியால் எடுங்கள். அதற்குப் பிறகுதான் ஓட்டோ. சுண்ணாம்பு அசிட்டை விட மோசமாக உள்ளே அரித்துக்கொண்டு போகும், வழியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அப்பப்பாவின் வெற்றிலைத் தட்டத்தில் கிடக்கும் சின்னச் சுண்ணாம்புப் பக்கெட்டைப் பிள்ளைகள் அமத்தி விளையாடும்போதுதான் இது நடக்கிறது. அந்தப் பக்கெட்டை உயரத்தில் வையுங்கள்.

கண் சிவந்து தொற்றும் கண்நோய்க்குத் தாய்ப்பால் விடலாமா?

வேண்டாம், தேனும் வேண்டாம். வைரஸால் வரும் கண்நோய் ஒன்று, இரண்டு கிழமையில் தானாக மாறும். துவாயும் தலையணையும் தனி, கையை அடிக்கடி கழுவ வேண்டும். கண்ணைப் பார்த்தால் தொற்றாது, கையால்தான் தொற்றும். கண் கூசினாலோ பார்வை குறைந்தாலோ நோவு இருந்தாலோ அது சாதாரணக் கண்நோய் இல்லை.

பிள்ளைக்கு மாறுகண். அதிர்ஷ்டம் என்கிறார்கள், வளர வளரச் சரியாகுமா?

சரியாகும் என்று விட்டால் அந்தக் கண்ணை மூளை பாவிக்காமலே விட்டுவிடும். நல்ல கண்ணை மறைத்துச் சோம்பல் கண்ணைப் பழக்கும் வைத்தியம் ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருதடவை கண் சோதிப்பது நல்லது. கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், அந்தக் கிழமையே காட்டுங்கள். பிறவி வெண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் புற்றாகவும் இருக்கலாம்.

போன் பார்த்துக் கண் எரிகிறது.

இமைக்க மறந்துவிடுகிறோம், கண் காய்கிறது. இடையிடையே தூரத்தில் பாருங்கள். மின்விசிறிக் காற்று முகத்துக்கு நேரே வேண்டாம்.

கண் தானம் செய்ய முடியுமா? எனக்குக் கற்றரக்ட் ஒப்பரேஷன் நடந்திருக்கிறது.

முடியும். எடுப்பது கறுப்புமுழியின் மேலுள்ள தெளிவான கோர்னியாவை. லென்ஸ் மாற்றியதோ கண்ணாடி போட்டதோ தடையில்லை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் உள்நாட்டுக்கு மட்டுமல்ல, பல நாடுகளுக்கும் கண்களை அனுப்பியிருக்கிறது. இறந்து சில மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், அதனால் விருப்பத்தை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் அறிவிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கண் கிளினிக்குக்குப் போகும்போது என்ன கொண்டு போவது?

கிளினிக் கொப்பி, இப்போது போடும் கண்ணாடிகள் எல்லாம், பாவிக்கும் சொட்டு மருந்துப் போத்தல்கள், குளிசைகள், கடைசியாகப் பார்த்த சீனி அளவு. காலையில் வெள்ளென போங்கள், சாப்பாட்டுப் பார்சலும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கண்மணி விரிய மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலத்துக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெளியே வந்தால் வெயில் கண்ணை அடிக்கும். மோட்டர்சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, வெயில் கண்ணாடியோ குடையோ எடுத்துக்கொண்டு போங்கள்.